புழுவின் நாளும் குளவியின் நாளும்



குளவி கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும் என்று நம் வீடுகளில் சொல்வார்கள். குருவையும் சீடனையும் பற்றிப் பேசும் சமயச் சொற்பொழிவுகளிலும் இந்த உவமை வரும். வேட்டுவாளி என்ற குளவி சுவரில் மண்கூடு கட்டுகிறது. பச்சைப் புழுவைத் தூக்கி வந்து உள்ளே வைத்து வாயை அடைக்கிறது. சில நாள் கழித்துக் கூட்டைத் துளைத்துக்கொண்டு ஒரு குளவி வெளியே வருகிறது. பார்த்தவர்கள் புழுதான் குளவியாகிவிட்டது என்று எண்ணினார்கள். அவர்கள் கண்டதில் பிழை இல்லை. உள்ளே போனது புழு, வெளியே வந்தது குளவி. கூட்டுக்குள் குளவி இட்டிருந்த முட்டையும், அதிலிருந்து வந்த குஞ்சு அந்தப் புழுவைத் தின்று வளர்ந்ததும் அவர்கள் கண்ணுக்குப் படவில்லை.

அந்த இடைப்பட்ட சில நாட்களைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். பூமி சூடேறும்போது அந்த நாட்களுக்கு என்ன ஆகிறது என்பது என் கேள்வி.

வேட்டுவாளி புழுவைத் தன் வீட்டுக்குத் தூக்கிப் போகிறது. அதன் உறவான சிறு குளவிகள், கொசு அளவுகூட இல்லாதவை, இலையில் மேய்ந்துகொண்டிருக்கும் புழுவின் உடம்புக்குள்ளேயே முட்டை வைத்துவிடுகின்றன. புழு நடமாடிக்கொண்டே இருக்கும். உள்ளே குஞ்சு வளரும். பேனும் உண்ணியும் தாம் ஒட்டிய உயிரைப் பொதுவாகக் கொல்வதில்லை. இவை கொன்றே வெளியே வரும். இந்த வேறுபாட்டைச் சுட்ட 1913இல் ராய்ட்டர் என்ற பின்லாந்துப் பூச்சியியலாளர் 'பாராசிட்டாய்டு' என்ற தனிச்சொல்லை வழங்கினார். நம் வேளாண்மைத் துறையில் ஒட்டுண்ணி என்றே சொல்கிறோம். முட்டை ஒட்டுண்ணி, புழு ஒட்டுண்ணி, கூட்டுப்புழு ஒட்டுண்ணி என்று வகை பிரிக்கிறோம். அந்தப் பெயர்களிலேயே காலம் இருப்பதைக் கவனியுங்கள். முட்டை ஒட்டுண்ணிக்குப் புழு பயன்படாது. முட்டை பொரிந்த மறுநாள் வந்து சேரும் குளவிக்கு அந்த வயலில் வேலையே இல்லை.

பூச்சிகளுக்கு நம்மைப்போல உடம்புச் சூடு நிலையாக இருப்பதில்லை. சுற்றுப்புறம் சூடானால் வேகமாக வளரும், குளிர்ந்தால் நிற்கும். பயிர் விளைவதற்கு நாட்களை எண்ணுவதைவிட வெப்பத்தை எண்ணுவது பொருந்தும் என்று பிரெஞ்சு அறிஞர் ரெயோமூர் 1735இலேயே எழுதினார். பூச்சிக்கும் அந்தக் கணக்கு பொருந்துகிறது. ஒவ்வோர் இனத்துக்கும் ஒரு கீழ்வரம்பு உண்டு. அதற்குக் கீழே வளர்ச்சி இல்லை. அதற்கு மேலே கிடைக்கும் ஒவ்வொரு பாகையும் நாள்தோறும் சிறுவாட்டுக் காசுபோலச் சேர்ந்துகொண்டே வரும். போதுமான அளவு சேர்ந்ததும் முட்டை பொரிக்கும், கூடு திறக்கும். புழுவுக்கு ஒரு கணக்கு, அதைத் தேடும் குளவிக்கு வேறொரு கணக்கு. வரம்பும் வேறு, சேரவேண்டிய தொகையும் வேறு. நீண்ட காலம் ஒரே தட்பவெப்பத்தில் வாழ்ந்ததால் இரண்டும் ஏறக்குறைய ஒரே வாரத்தில் நிறைவதாக அமைந்திருக்கின்றன. சூடு கூடும்போது இரண்டு கணக்கிலும் வரவு கூடுகிறது, ஆனால் ஒரே அளவில் கூடுவதில்லை.

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் இது வயலிலேயே தெரிந்தது. அங்கே கோதுமை, வாற்கோதுமை, ஓட்ஸ் பயிர்களின் இலையைச் சுரண்டித் தின்னும் ஒரு வண்டு இருக்கிறது. நீலச் சிறகுறையும் செம்மார்புமாகப் பார்க்க அழகான வண்டு. அதன் புழுவோ தன் எச்சத்தையே முதுகில் பூசிக்கொண்டு திரியும். ஐரோப்பாவிலிருந்து வந்து 1962இல் மிச்சிகனில் அடையாளம் காணப்பட்ட பூச்சி இது. அதன் பின்னாலேயே ஐரோப்பாவிலிருந்து டெட்ராஸ்டிக்கஸ் ஜூலிஸ் என்ற மிகச் சிறிய குளவியையும் வரவழைத்து விட்டார்கள். ஒரு புழுவுக்குள் பல முட்டைகளை இடும் குளவி அது. ஒட்டுண்ணி ஏறிய புழு வழக்கம்போல மண்ணுக்குள் இறங்கி அறை கட்டும், பிறகு சாகும். குளவிக் குஞ்சுகள் பனிக்காலத்தை அந்த மண்ணறையில் கழித்து, வசந்தத்தில் மேலே வரும். வண்டு பனிக்காலத்தைக் கழிப்பது மண்ணுக்கு மேலே, வயலோரச் சருகுகளிலும் மரப்பட்டை இடுக்குகளிலும்.

எட்வர்டு எவன்ஸும் அவருடன் பணியாற்றியவர்களும் யூட்டாவின் வடபகுதி வயல்களில் ஆண்டுதோறும் புழுக்களைச் சேகரித்து, எத்தனை புழுவில் ஒட்டுண்ணி இருக்கிறது என்று எண்ணினார்கள். 2013இல் முடிவை வெளியிட்டார்கள். வசந்தம் குளிர்ச்சியாக இருந்த ஆண்டுகளில் குளவி புழுவைச் சரியான நேரத்தில் சந்தித்தது. வசந்தம் சூடாக இருந்த ஆண்டுகளில் புழு முந்திக்கொண்டது. ஒட்டுண்ணி ஏறிய புழுக்களின் விகிதம் குறைந்தது. அந்த ஆண்டுகளிலும் குளவி இல்லாமல் போகவில்லை. இருந்தது, பிந்தி வந்தது.

இதோடு நிறுத்திக்கொண்டால் சூடு கூடினால் குளவி தோற்கும் என்ற ஒற்றை வரியோடு நீங்கள் வீட்டுக்குப் போகலாம். அந்த வரி முழு உண்மை இல்லை என்பதால் உங்களை இன்னோர் இடத்துக்கு அழைத்துப் போக வேண்டியிருக்கிறது.

பின்லாந்துக்கும் சுவீடனுக்கும் நடுவே பால்டிக் கடலில் ஓலாந்துத் தீவுகள் இருக்கின்றன. அங்கே ஏறத்தாழ 4,000 சிறு புல்வெளிகள் சிதறிக் கிடக்கின்றன. இசப்கோலின் பேரினத்தைச் சேர்ந்த ஒரு செடி அவற்றில் வளர்கிறது. அதைத் தின்று வாழ்கிறது கிளான்வில் ஃபிரிட்டிலரி என்ற வண்ணத்துப்பூச்சி. 2016இல் மறைந்த இல்கா ஹான்ஸ்கி 1990களின் தொடக்கத்தில் அந்தப் புல்வெளிகளில் வேலையைத் தொடங்கினார். இலையுதிர் காலந்தோறும் மாணவர்கள் புல்வெளி புல்வெளியாக நடந்து, புழுக்கள் கூட்டமாகப் பட்டுநூலால் பின்னிக்கொண்ட கூடுகளை எண்ணுகிறார்கள். உலகில் இவ்வளவு பொறுமையாக எண்ணப்பட்ட பூச்சிகள் மிகக் குறைவு.

அந்தப் புழுவை இரண்டு குளவிகள் தேடுகின்றன. ஒன்றின் பெயர் கோட்டீசியா மெலிட்டியேரம். அதன் குஞ்சு பனிக்காலம் முழுதும் உறங்கும் புழுவின் உடம்புக்குள் உறங்குகிறது. பனி உருகியதும் புழுக்கள் வெளியே வந்து, போன ஆண்டுச் சருகுகளின் மேல் கூட்டமாக வெயில் காய்கின்றன. கருகருவென்ற நிறம், வெயிலைக் குடித்து, சுற்றியுள்ள காற்றைவிட உடம்பை வெகுவாகச் சூடேற்றிக்கொள்ளும். அதே நாட்களில் குளவிக் குஞ்சு தன் புழுவைக் கொன்று வெளியேறிக் கூடு கட்டுகிறது. அந்தக் கூடு வெள்ளை நிறம். புல்லின் அடியில் நிழலில் கிடக்கும், நகர முடியாது. அதிலிருந்து குளவி வெளிவரும்போது, மிஞ்சியிருக்கும் புழுக்கள் இன்னும் புழுவாகவே இருக்க வேண்டும். அவை கூட்டுப்புழுவாகிவிட்டால் இந்தக் குளவிக்கு முட்டையிட இடமில்லை.

காற்று குளிர்ந்தும் வெயில் பளீரென்றும் இருக்கும் வசந்தத்தில் கறுப்புப் புழு வெயில் காய்ந்து வேகமாக வளர்ந்து முந்திவிடும். நிழலில் கிடக்கும் வெள்ளைக் கூடு பின்தங்கும். காற்றே வெதுவெதுப்பாக இருக்கும் வசந்தத்தில் நிழலுக்கும் சூடு கிடைக்கும். குளவி நேரத்துக்கு வந்து சேரும். சாஸ்கியா வான் நௌஹஸும் லேயும் 2004இல் இதை எழுதினார்கள். யூட்டாவில் குளவியைத் தோற்கடித்த அதே வெதுவெதுப்பு ஓலாந்தில் குளவிக்குக் கைகொடுக்கிறது. புழுவின் நிறமும் கூடு கிடக்கும் இடமும் முடிவைத் திருப்பிவிடுகின்றன.

இரண்டாவது குளவி ஹைபோசோட்டர் ஹார்ட்டிக்கோலா. முட்டைக்குள் புழு முழுதாக உருவாகி, பொரிப்பதற்குச் சற்று முன்புதான் அதனால் தன் முட்டையை வைக்க முடியும். ஒரு முட்டைக் குவியலில் அதற்குக் கிடைப்பது சில மணி நேரம். அதற்காக அது பல நாட்களுக்கு முன்பே இலைகளில் முட்டைக் குவியல்களைத் தேடிக் கண்டுபிடித்து, இடத்தை நினைவில் வைத்துக்கொண்டு, திரும்பத் திரும்ப வந்து பார்க்கிறது. பக்குவம் வந்த வேளையில் குவியலில் மூன்றில் ஒரு பங்குக்கு முட்டை வைத்துவிட்டுப் போகிறது. முதற்குளவி நாளை வெயிலிடம் விட்டுவிட்டது. இது வாசலில் நின்று காத்துக்கிடக்கிறது. பூச்சிக்கு இவ்வளவு நினைவு எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் இந்தக் குளவியைத்தான் காட்டுவேன். தட்பவெப்பம் தடுமாறும் காலத்தில் எந்தக் குளவி தாக்குப்பிடிக்கும் என்று கணிக்க, அதன் நடத்தையும் தெரிந்திருக்க வேண்டும். வெப்பமானியை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது.

பரிணாமத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். நெதர்லாந்தில் ஓக் மரம் துளிர்ப்பதற்கு முன்பே குளிர்கால அந்துப்பூச்சியின் முட்டைகள் பொரித்துவிடுவதை மார்செல் விஸரும் ஹோல்மனும் 2001இல் காட்டினார்கள். துளிர் இல்லாமல் புழு பட்டினி கிடந்தது. 2013இல் வந்த ஆய்வு அந்தப் பூச்சியின் முட்டை பொரிக்கும் நாள் மரபு வழியாகவே பிந்திப்போயிருப்பதைக் கண்டது. சில ஆண்டுகளிலேயே பூச்சி மரத்தோடு மீண்டும் ஒத்துப்போகத் தொடங்கியது. மரத்துக்கும் புழுவுக்கும் இடையே சரியான நாளை, புழுவுக்கும் அதன் ஒட்டுண்ணிக்கும் இடையே மறுபடியும் சரிசெய்ய வேண்டும். மூன்றாம் படியில் நிற்பவர் கீழே உள்ள இருவரின் நாளையும் துரத்த வேண்டியிருக்கிறது.

இதுவரை சொன்னதெல்லாம் பனி பெய்யும் நாடுகளின் கதை. நமக்கு வசந்தம் என்று ஒரு தொடக்கப் புள்ளி கிடையாது. ஆண்டு முழுதும் முட்டையும் புழுவும் கூட்டுப்புழுவும் கலந்தே இருக்கும், ஆகவே நேரம் தப்பும் சிக்கல் இங்கே வராது என்று ஒருவர் நினைக்கலாம். நானும் நெடுங்காலம் அப்படித்தான் நினைத்திருந்தேன். தென்னை என் எண்ணத்தை மாற்றியது.

முதலில் பிஜித் தீவு. அங்கே தென்னை ஓலையைக் குடையும் ஒரு வண்டினம். அதன் எல்லாப் பருவங்களும் எப்போதும் கலந்திருந்தன. உள்ளூர்க் குளவிகள் அதை அடக்கி வைத்திருந்தன. இடையில் ஒரு சிற்றுண்ணி பெருகி, புழுக்களையும் கூட்டுப்புழுக்களையும் ஒட்டுமொத்தமாகக் கொன்றது. தின்ன ஒன்றும் மிஞ்சாமல் சிற்றுண்ணியும் குறைந்தது. தப்பிய வண்டுகள் எல்லாம் ஒரே சமயத்தில் முட்டையிட்டன. அதன் பிறகு தோப்பு முழுதும் ஒரு சமயம் முட்டை மட்டும், ஒரு சமயம் புழு மட்டும், ஒரு சமயம் வண்டு மட்டும் என்றாகிவிட்டது. குறுகிய ஆயுள் கொண்ட உள்ளூர்க் குளவி வெளியே வந்த நாளில் அதற்கு ஏற்ற பருவம் எந்த ஓலையிலும் இல்லை. குளவிகள் அற்றுப்போயின, வண்டு தோப்புகளை அழித்தது. 1933இல் சாவகத் தீவிலிருந்து வேறொரு குளவியைக் கொண்டுவந்தார்கள். அது நீண்ட நாள் உயிரோடு காத்திருக்கும். புழு, கூட்டுப்புழு என்று பல பருவங்களிலும் முட்டையிடும். இடைவெளியை அது தாண்டியது, வண்டு அடங்கியது. டி.எச்.சி. டெய்லர் 1937இல் எழுதிய நூலில் இந்தக் கதை முழுதும் இருக்கிறது. புவி வெப்பம் என்ற பேச்சே எழாத காலத்தில், வெப்ப மண்டலத்தில், நாள் தப்பியதால் நேர்ந்த அழிவு அது.

அடுத்தது நம் தென்னையின் கருந்தலைப் புழு. இலங்கையில் பெரேரா, ஹாசல், காட்ஃப்ரே ஆகியோர் 1988இல் எழுதிய ஆய்வு, அந்தப் புழுவின் தலைமுறைகள் அங்கே தனித்தனி அலைகளாக வருவதைக் காட்டியது. குளிரும் இல்லை, பனியும் இல்லை. அலை எங்கிருந்து வந்தது? ஒட்டுண்ணியே காரணமாக இருக்கலாம் என்று காட்ஃப்ரேயும் ஹாசலும் அதற்கு முந்தைய ஆண்டே கணித வழியில் காட்டியிருந்தார்கள். குளவியின் ஒரு தலைமுறைக்காலம் புழுவின் தலைமுறைக்காலத்தில் பாதியளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பெரிய அலைப் புழுக்களில் வளர்ந்த குளவிகள் வெளிவரும்போது, அந்த அலையில் மிஞ்சியவை புழுப்பருவத்தைத் தாண்டியிருக்கும். அப்போது அகப்படுவது அலையோடு சேராமல் பிந்திப் பிறந்த புழுக்கள்தான். அலையோடு வந்தவை தப்பும், அலை தப்பி வந்தவை சாகும். இப்படித் தலைமுறைக்குத் தலைமுறை அலை கூர்மையாகிறது.

ஆக நம் மண்ணில் குளவியும் புழுவும் சேர்ந்தே நாட்காட்டி எழுதுகின்றன. அதை எழுதும் கோல் இரண்டின் தலைமுறைக்காலங்களுக்கு இடையேயுள்ள விகிதம். சூடு இரண்டையும் சுருக்கும், ஒரே அளவில் சுருக்காது. அலைகள் கூர்மையாகும் தோப்பில் குளவிக்கு வெறும் நாட்கள் நீளும். கருந்தலைப் புழுவுக்கு நாம் விடும் பெத்திலிட் குளவி நன்கு வளர்ந்த புழுவையே தேடும். தோப்பில் கூட்டுப்புழுவும் அந்துப்பூச்சியும் மட்டும் இருக்கும் வாரத்தில் அதைக் கொண்டுபோய் விட்டால் பணமும் உழைப்பும் வீண். ஓலையைப் பிரித்துப் பார்க்காமல், அட்டவணையில் தேதி வந்துவிட்டது என்பதற்காகக் குளவி விடக்கூடாது. இதை நான் அழுத்திச் சொல்கிறேன்.

அலையில்லாத பூச்சியில் கதை எளிது. 2008இல் கோயம்புத்தூரில் பப்பாளி மாவுப்பூச்சி தென்பட்டு, பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று பரவியது இங்கே பலருக்கு நினைவிருக்கும். 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து அசெரோஃபேகஸ் பப்பாயே என்ற குளவி வந்தது. வயலில் விட்ட சிறிது காலத்திலேயே மாவுப்பூச்சி அடங்கியது. மாவுப்பூச்சியின் குஞ்சும் தாயும் எப்போதும் கலந்தே இருப்பதால் குளவி எந்த நாளில் வெளிவந்தாலும் அதற்கு இடம் கிடைத்தது. அந்த வெற்றியை வைத்து எல்லாக் குளவியும் எந்த நாளிலும் வேலை செய்யும் என்று எண்ணிவிடக் கூடாது.

நாள் தப்புவது ஒரு பக்கம். கடும் வெப்ப அலை குளவியை நேராகவே கொல்கிறது. அமெரிக்காவின் வட கரோலினாவில் புகையிலைக் கொம்புப் புழுவையும் அதன் கோட்டீசியா குளவியையும் ஜோயல் கிங்சால்வரின் குழுவினர் சூட்டில் வளர்த்துப் பார்த்தார்கள். புழு தாங்கிய சூட்டைக் குளவிக் குஞ்சு தாங்கவில்லை, உள்ளேயே இறந்தது. அந்தப் புழு பிழைத்து அந்துப்பூச்சி ஆனதா என்றால் அதுவும் இல்லை. பல புழுக்கள் கூட்டுப்புழுவாகாமல், வழக்கமான அளவைத் தாண்டித் தின்று பருத்துக்கொண்டே போயின. குளவி தன் வசதிக்காகப் புழுவின் உடற்கடிகாரத்தைத் திருகி வைத்திருந்தது. குளவி இறந்த பிறகு அதைத் திருப்பி வைக்க ஆளில்லை. பொதுவாகவே ஒட்டுண்ணிகளின் வெப்பத் தாங்குவரம்பு அவை தேடும் பூச்சிகளின் வரம்பைவிடத் தாழ்ந்தது என்று ஃபர்லாங்கும் சலுக்கியும் பல ஆய்வுகளைத் தொகுத்துக் காட்டியிருக்கிறார்கள்.

பெங்களூரில் இன்று தேசிய வேளாண் பூச்சி வளப் பணியகமாக இருக்கும் நிறுவனம், கரும்பு வயலுக்கான டிரைக்கோகிரம்மா முட்டை ஒட்டுண்ணியில் வெப்பம் தாங்கும் இரகத்தை உருவாக்கியது. பாராட்டவேண்டிய பணி. ஆனால் ஒட்டுண்ணி ஏறிய முட்டைகளை ஒட்டிய அட்டையைப் பட்டப்பகலில் வெயில் படும் இலையில் கட்டினால் எந்த இரகமும் தாங்காது. காலையிலோ மாலையிலோ இலையின் அடிப்புறத்தில் கட்டுங்கள். கட்டுவதற்கு முன் வயலில் பூச்சியின் முட்டை இருக்கிறதா என்று பாருங்கள். மருந்து அடிக்கும் நாளும் அட்டை கட்டும் நாளும் அடுத்தடுத்து வரவே கூடாது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். 2005இல் ஸ்டைர்மன் முதலானோர் வெவ்வேறு தட்பவெப்பம் கொண்ட 15 இடங்களின் பதிவுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். மழை ஆண்டுக்கு ஆண்டு ஏறுக்குமாறாகும் இடங்களில் ஒட்டுண்ணி ஏறிய புழுக்கள் குறைவு. ஈ வகை ஒட்டுண்ணிகளைவிடக் குளவிகளுக்கே அடி அதிகம். பருவமழையை நம்பியிருக்கும் நமக்கு இதைவிட நெருங்கிய செய்தி வேண்டியதில்லை. அந்த ஆய்வுக்குப் பின்னால் இருந்தது பெரிய கருவி ஒன்றும் இல்லை. காட்டிலிருந்து புழுவைப் பிடித்துவந்து, அதன் இலையையே கொடுத்து வளர்த்து, வெளியே வருவது அந்துப்பூச்சியா, குளவியா, ஈயா என்று குறித்துக்கொண்டார்கள். கோஸ்டாரிக்காவின் குவானகாஸ்டேயில் டேனியல் ஜான்சன் 1978 முதல் இதைச் செய்து வருகிறார். அங்கே புழு வளர்ப்பவர்கள் சுற்றுவட்டார ஊர் மக்கள். பட்டம் பெற்ற அறிஞர்கள் அல்லர்.

இந்த அரங்கில் இருக்கும் வேளாண் மாணவர்களிடமும் தோப்பு வைத்திருக்கும் உழவர்களிடமும் கேட்கிறேன். மெல்லிய துணி கட்டிய ஒரு சீசா, ஒரு நோட்டு, ஒரு வெப்பமானி போதும். வாரம் பத்துப் புழு எடுங்கள். எடுத்த நாள், பயிர், அன்றைய வெப்பம், கடைசியாக மழை பெய்த நாள், பத்தில் எத்தனை குளவியாயின, எந்த நாளில் வெளியே வந்தன என்று எழுதுங்கள். முதுகில் அரிசிபோல வெள்ளைக் கூடுகள் ஒட்டிய புழுவைக் கண்டால் நசுக்காதீர்கள். அதன்மேல் மருந்தும் அடிக்காதீர்கள். பத்தாண்டு எழுதிய ஒரு நோட்டு நம் மாவட்டத்தில் ஒன்று இருந்தால்கூட, புழுவின் நாள் எங்கே நகர்கிறது, குளவியின் நாள் எங்கே நகர்கிறது என்று நம்மால் சொல்ல முடியும். வருகிற பட்டத்திலேயே தொடங்குங்கள்.